மூன்று கொட்டேஷனும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலும்

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை. முக்கால்வாசி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே ஒரு கம்ப்யூட்டர் தானாக அணைந்தது.

மூன்றாவது முறையாக.

அந்தக் கம்ப்யூட்டரை வாங்கச் சொன்னவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடை ஜப்பார் பாயுடையது. நோட்டு, பேனா, ஜெராக்ஸ், விண்ணப்பப் படிவங்கள். அவருடைய மருமகள் ஷகிலா சிவில் டிப்ளமோ படித்தவர். கடையின் உள்பாதியில் ஒரு மேஜை போட்டு வீட்டு பிளான் வரைகிறார். இன்னும் கட்டாத வீட்டுக்குள் நடந்து சுற்றிப் பார்ப்பது போல வீடியோவும் செய்து தருவார். வாசலில் நுழைந்து, ஹாலைக் கடந்து, மாடி ஏறி... கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே பால் காய்ச்சிவிடலாம் போலிருக்கும்.

நான்கு மாதத்துக்கு முன் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதில் மாமனாருக்கும் மருமகளுக்கும் தகராறு. ஷகிலா கேட்டது ஒர்க்ஸ்டேஷன். பெரிய பெட்டி. மெமரி, கிராபிக்ஸ் கார்டு என்று தேவைக்குத் தக்கபடி பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம். பாய்க்குப் பிடித்தது ஆல்-இன்-ஒன். திரைக்குள்ளேயே எல்லாம் அடக்கம்.

"டிவி மாதிரி கீது சார். ஒரே வயரு. அந்தப் பொட்டிய எங்க வைக்கிறது? அது இன்னா, பீரோவா?"

"பீரோதான் மாமா. உள்ள எடம் கீறதாலதான கேக்குறேன்."

பஞ்சாயத்து என்னிடம் வந்தது. வருவாய்த் துறையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவனிடம் வேறு எங்கே போகும்?

நான் முறைப்படி செய்தேன். மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்க வைத்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். விலை, மெமரி, திரை, வாரன்ட்டி, அடைக்கும் இடம் - மேலிருந்து கீழாக ஐந்து காலம். ஆல்-இன்-ஒன் ஐந்திலும் ஜெயித்தது. ஒர்க்ஸ்டேஷனுக்குத் திரையைத் தனியாக வாங்க வேண்டுமே!

"சார், பின்னாடி பெருசு பண்ணிக்கலாமான்னு இன்னொரு காலம் போடுங்களேன்" என்றார் ஷகிலா.

"படிவத்தில் இல்லாததை நாமாகச் சேர்க்கக் கூடாதும்மா. தணிக்கையில் கேட்பார்கள்."

"எந்தத் தணிக்கைங்க சார்? இது எங்க கட."

சிரித்து மழுப்பிவிட்டேன். அரசாங்கத்தில் மேஜை வாங்கினால் மேஜை. அது நாளைக்கு வளருமா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் படிவங்களில் நேற்று உண்டு, இன்று உண்டு... நாளை என்று ஒரு காலம் கிடையாது.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடக்கும் மாதங்கள் இவை. அன்றைக்குச் சாலை மறியல். சேலம் பக்கமும் பஸ் இல்லை, விழுப்புரம் பக்கமும் இல்லை. ஓய்வூதியப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டேன். தெருவில் கோஷம் கேட்கும்போதெல்லாம் பாய் ஷட்டரை இன்னும் நாலு விரல் கீழே இறக்குவார். அவர் வெளியே ஸ்டூல் போட்டுக் காவல். உள்ளே நாங்கள் இரண்டு பேர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு சொட்டுக் காற்று இல்லை.

நாலு மணிக்கு ஷகிலாவின் வீடியோ சின்னசேலத்தில் ஓர் இன்ஜினீயரின் அலுவலகத்தில் ஓட வேண்டும். கல்வராயன் மலையில், கரியாலூர் பக்கம் சரிவு நிலத்தில் ஒருவர் வீடு கட்டப் போகிறார். அந்தச் சரிவில் வீடு எப்படி உட்காரும் என்று கண்ணால் பார்த்தால்தான் சரி சொல்வாராம். அன்றிரவே வெளிநாடு கிளம்புகிறார். அவர் சரி சொன்னால், இன்ஜினீயரின் எல்லா பிளானும் இனி ஷகிலாவுக்கு.

சொல்லாவிட்டால்?

பள்ளிக்கூட நோட்டு லோடு வரப் போகிறது. அடுக்க இடம் வேண்டும். "வூட்லயே உக்காந்து வரையேம்மா" என்று பாய் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. கெட்ட எண்ணத்தில் அல்ல. ஆனால் வீட்டில் உட்கார்ந்து வரைவது என்றால் என்ன என்று ஷகிலாவுக்குத் தெரியும். அடுப்புக்கும் மேஜைக்கும் போட்டி வந்தால் எது தோற்கும்?

வீடியோ தயாராகும்போது மிஷின் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. முதல் முறை நாற்பது சதவீதத்தில் அணைந்தது. அடுத்து அறுபத்திரண்டில். மூன்றாவது, ஐம்பத்தெட்டில். ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். திரையின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்.

வேறு கம்ப்யூட்டரில் வீடியோவைத் தயாரிக்க முடியுமா என்று தெரிந்த ஸ்டூடியோ இரண்டுக்கும் போன் செய்தார் ஷகிலா. இரண்டும் பூட்டு.

நான் மறுபடியும் முறைப்படி இறங்கினேன். கம்பெனியின் இலவச எண்ணைக் கூப்பிட்டு, இருபது நிமிடம் பாட்டுக் கேட்டு, புகார் எண் வாங்கினேன். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஆள் வருவார்களாம். எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினேன்.

"இந்த நம்பர வச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது?"

மணி இரண்டு ஆகியிருந்தது.

ஷகிலா மிஷினைக் குப்புறப் படுக்க வைத்தார். "பின்மூடிய கழட்டப் போறேன். உள்ள காத்தே போகல."

"நில்லும்மா!" என்றேன். பின்பக்கம் ஒரு திருகாணியின் மேல் வட்டமாக ஒரு ஸ்டிக்கர். பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். "இந்த சீல் உடைந்தால் வாரன்ட்டி செல்லாது. இன்னும் இரண்டரை வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது."

"வாரண்டி இருக்கும் சார். நான் இங்க இருக்க மாட்டேனே."



விதியும் தெரியும், வேறு வழியில்லை என்பதும் தெரியும் என்றால் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி எழுந்து ஜன்னலோரம் போய் வெளியே பார்ப்பார். அவர் திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். யார் செய்தது, எப்போது செய்தது, அவருக்குத் தெரியாது. எத்தனையோ பேர் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஜன்னல் இல்லை. ஷட்டரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"இன்னாங்க சார், அந்தாண்ட திரும்பிக்கினீங்க?" பின்னாலிருந்து குரல். "ரெண்டு கையும் இதுக்கே வேணும். இங்க வந்து டார்ச்ச புடிங்க."

என்ன செய்ய? போய்ப் பிடித்தேன்.

ஷகிலா சீலைக் கிழித்தார். திருகாணியைக் கழற்றி, கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஸ்கேலை மூடியின் இடுக்கில் நுழைத்து, அங்குலம் அங்குலமாக நெம்பினார். டக்... டக்... உள்ளே மெல்லிய பட்டையாக ஒரு கேபிள். அது அறுந்தால் திரையே போய்விடும் என்று சொல்லிக்கொண்டே அதை விரலால் ஒதுக்கினார்.

குட்டியாக ஒரு ஃபேன். அதன் மேல் வெள்ளைக் கம்பளி போலப் பேப்பர் தூசி. ஜெராக்ஸ் கடையில் வேறென்ன இருக்கும்? என் பட்டியலில் அதற்கும் காலம் இல்லை.

தூசியை பிரஷ்ஷால் எடுத்து, மூடியை மாட்டாமல், டேபிள் ஃபேனை நேராக அதன் முதுகில் திருப்பிவிட்டார். மறுபடி நின்றாலும் முடிந்த வரைக்கும் மிஞ்சட்டும் என்று வீடியோவைத் தனித்தனிப் படங்களாக எடுக்கவிட்டார்.

அந்த நேரம் பார்த்து பாய் ஷட்டருக்கடியில் குனிந்து உள்ளே வந்தார்.

"யா அல்லா! யாரும்மா இத பிரிச்சிப் போட்டது?"

ஷகிலா வாயைத் திறப்பதற்குள் சொன்னேன். "நான்தான் பாய். இதை வாங்கச் சொன்னவனும் நான்தானே."

பாய், அணைந்து பார் பார்க்கலாம் என்று மிரட்டுவது போல மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுபது... எண்பது... தெருவில் போலீஸ் ஜீப் போகும் சத்தம். தொண்ணூற்றொன்றில் ஒருமுறை தயங்கியது. பிறகு நகர்ந்தது.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு வீடியோ இன்டர்நெட் வழியாகச் சின்னசேலம் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு அரை மணி நேரம் போன் அடிக்கவில்லை. அடித்தபோது ஷகிலா ஸ்பீக்கரில் போட்டார். "ஓனரு மாடிப்படிய எடம் மாத்தச் சொல்றாரும்மா" என்றார் இன்ஜினீயர். பாயின் முகம் தொங்கிப்போனது. எனக்கு உயிர் வந்தது. மாடிப்படியை மாற்றச் சொல்கிறவர் வீட்டைக் கட்டப் போகிறவர்!

"அடுத்து ரெண்டு பிளான் அனுப்பறேன். மூணு மாடி. உங்க மிஷின் தாங்குமா?"

ஷகிலா மாமனாரைப் பார்த்தார். பாய் நோட்டு ரேக்கைப் பார்த்தார். "அத அந்தாண்ட நவுத்திட்டா பொட்டி நிக்குமில்ல?" என்றார்.

ஆல்-இன்-ஒன் இப்போது முன்கவுண்டரில், தூசிக்குத் தள்ளி. பாய் அதில் விண்ணப்பம் டைப் செய்கிறார். அந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும், பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது. குற்றம் மிஷினுடையது அல்ல.

நேற்று கடைக்குப் போனேன். மேஜைக்குப் பக்கத்தில் ஒர்க்ஸ்டேஷன் வந்து நின்றிருந்தது. கறுப்பாக, கனமாக, நிஜமாகவே பீரோ சைஸில். பழக்க தோஷம், கேட்டுவிட்டேன்.

"எத்தனை கொட்டேஷன் வாங்கினாய்?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க சார். பொட்டிய தொறந்து உள்ள காட்டுங்கன்னு கேட்டேன். ரெண்டு கடையில முடியாதுன்னுட்டாங்க. மூணாவது கடைக்காரரு தொறந்து காட்டினாரு. அவருகிட்டயே வாங்கிக்கினேன்."

முப்பத்தாறு வருடத்தில் எந்த டெண்டரிலும் நாங்கள் கேட்காத கேள்வி!