இரண்டு வருடப் பெல்ட்

அப்பா முப்பத்தாறு வருடம் லிஃப்ட் ஆய்வாளராக வேலை பார்த்தார். சோதனைக்காக ஏறியதைத் தவிர, ஒருமுறைகூட லிஃப்டில் போனதில்லை. பன்னிரண்டாவது மாடி என்றாலும் படிதான். அலுவலகத்தில் அவருக்குப் 'படிக்கட்டு' என்று பெயர். கம்பிவடத்தை அளப்பார், பிரேக்கைச் சோதிப்பார், கதவோரம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்: இன்ன தேதி வரை செல்லும். அந்தத் தேதிக்கு மறுநாள் காலை போன் போட்டு லிஃப்டை நிறுத்தச் சொல்வார். "நேத்து நல்லா ஓடுச்சே சார்" என்று யாராவது இழுத்தால், "நேத்து செல்லும், இன்னைக்குச் செல்லாது" என்று போனை வைத்துவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கார் ஓட்டும் பித்து பிடித்தது. ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருந்தது. மாதம் ஒரு நாள் சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு அதைத் திறந்துவிடுவார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. இருபது நிமிடம் சுற்றிவிட்டு வரலாம். அப்பா வீட்டின் பழைய நான்கு கதவுக் காரை எடுத்துக்கொண்டு போனார். எல்லோரும் அவரை முந்தினார்கள். ஒருமுறை ஆம்புலன்ஸும் முந்தியது. அது யாரையும் ஏற்றப் போகவில்லை, சும்மா ஒரு சுற்றுப் பார்க்க வந்தது.

இருந்தாலும் வளைவுகளில் சாதாரணப் பெல்ட் அவரை இருக்கையில் நிறுத்தவில்லை. கதவில் முட்டி இடித்து இடித்து, வலது முழங்கால் நீலம் பாரித்தது. பந்தயக்காரர்கள் போடும் தோள்பட்டைப் பெல்ட் வாங்குவது என்று முடிவு செய்தார். மகளைக் கேட்டார். மகளுக்குச் சோதனைக்கூடத்தில் வேலை. இரும்பை இழுத்து, எந்தப் பாரத்தில் அறுகிறது என்று குறித்துவைப்பாள்.

"முதல்ல கூரைக்குக் கீழ வளைவுக் கம்பி போடணும்ப்பா" என்றாள். "சாதா பெல்ட்டுன்னா கார் கவுந்தா ஆள் சாய இடமிருக்கு. இது உங்களை நிமித்திப் பிடிச்சுக்கும். கூரை நேரா தலையில வந்து உக்காரும்."

அப்பாவுக்கு விளக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. கம்பி போட்டாயிற்று. பின் இருக்கை போயிற்று. "இனிமே காய்கறிப் பையை மடியில வெச்சுக்கிட்டு வரணுமா?" என்று அம்மா கேட்டாள்.

அடுத்த கேள்வி, நாலு பட்டையா ஆறு பட்டையா? கடையிலிருந்து மாதிரிக்கு இரண்டையும் வாங்கிவந்து, சாப்பாட்டு மேசை நாற்காலியில் மாட்டி, அதில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாலு பட்டையில், முன்னால் குனிந்தால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறியது. ஆறில், தொடைக்கு நடுவே வரும் இரண்டு பட்டைகள் அதைக் கீழேயே இழுத்துப் பிடித்தன.

"வயசுக்குத் தகுந்த மாதிரி உக்காருங்களேன்" என்றாள் அம்மா.

"பேசாத. மணியைப் பாரு."

பத்து விநாடிக்குள் கழற்ற வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அடுப்பில் ஒரு கையும் கடிகாரத்தில் ஒரு கண்ணுமாக அம்மா எண்ணுவாள். ஒருநாள் பூட்டு சிக்கிக்கொண்ட நேரத்தில் வாசல்மணி அடித்தது. அப்பா நாற்காலியோடு எழுந்து போய்க் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பார்சல் கொண்டுவந்தவர் அதன்பின் அந்த வீட்டுப் பார்சல்களைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்.

ஆறு பட்டை என்று முடிவான வாரத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் இதயத்தின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ரெண்டு வருஷம்னு வெச்சுக்குங்க. முன்ன பின்ன ஆகலாம்" என்றார். முன்ன பின்ன என்பது அப்பாவின் காதில் ஏறவில்லை. அவருக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று.

டாக்டரிடமிருந்து அப்பாவும் மகளும் நேராகப் பெல்ட் கடைக்குப் போனார்கள்.

"புதுசா வந்திருக்கு சார்" என்று கடைக்காரர் லேபிளைக் காட்டினார். "அஞ்சு வருஷம் செல்லும்."

"ரெண்டு வருஷத்துக்கு இருக்கா?"

"வண்டியை விக்கப் போறீங்களா சார்?"

"வண்டி இருக்கும். ஆளுதான் காலி."

கடைக்காரர் மகளைப் பார்த்தார். அவள் ஹெல்மெட் வரிசையைப் பார்த்தாள்.

"விலையைக் குறைச்சுத் தரேன் சார்..."

"விலை கிடக்கட்டும்ப்பா. மூணு வருஷம் வீணாப் போகுமே. நல்ல பெல்ட்டு, கேட்பாரில்லாமத் தொங்கும்."

கடைக்காரர் உள்ளே போய், யாரோ திருப்பிக் கொடுத்த பெல்ட் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்தார். விபத்துப் பார்க்காதது. இன்னும் சரியாக இரண்டு வருடம் செல்லும். நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்த மாதிரி அப்பாவின் முகம் மலர்ந்தது.

மகளுக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த மனிதர் ஐந்து வருடத்துக்கு ஒரு பொருள் வாங்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

"டாக்டர் சொன்னது சராசரிப்பா" என்றாள் காரில். "பாதிப் பேர் அதைத் தாண்டிப் போவாங்க."

"நான் யாரை எப்பம்மா தாண்டியிருக்கேன்?"

அன்றிரவு மகள் தடத்தின் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில், "அடுத்த வாட்டி பக்கத்து சீட்டுல நானும் வரேன்" என்றாள். அப்பா ஓடிப்போய் அவளுக்கு ஒரு பெல்ட் வாங்கிவந்தார். ஐந்து வருடப் பெல்ட். "உனக்கு நிறைய இருக்குல்ல" என்றார்.

தடத்தின் வாசலில் பரிசோதகர் இரண்டு லேபிளையும் பார்த்தார். "செல்லும். போங்க."

மகள் புத்தகத்தைத் திறந்து அப்பாவிடம் நீட்டினாள். ஓட்டுநருக்கும் பக்கத்தில் அமர்பவருக்கும் சமமான பாதுகாப்பு இருக்க வேண்டும்.

"எனக்கு அஞ்சு வருஷம், உங்களுக்கு ரெண்டு. இது சமமாப்பா?"

அப்பா இரண்டுமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"மேடம், அது பெல்ட்டு வகையைச் சொல்றது. தேதியை இல்ல" என்றார் பரிசோதகர். "பின்னாடி வண்டிங்க நிக்குது பாருங்க."

"சமம்னா சமம் தம்பி" என்றார் அப்பா. "இந்த வண்டி செல்லாது."

"நான் செல்லும்ங்கறேன் சார்!"

"நீங்க சொல்லலாம். நான் விடமாட்டேன்."

பின்னால் நின்ற பதினோரு கார்களும் பின்வாங்கி வழிவிட, அப்பா தன் காரைத் தானே திருப்பி அனுப்பினார். மறுநாள் கடைக்குப் போய் இன்னொரு ஐந்து வருடப் பெல்ட் வாங்கினார். மகள் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பழைய பெல்ட் சமையலறை ஆணியில் தொங்கியது. அதன் தேதி முடிந்த மறுநாள் காலை அப்பா அதை விதிப்படி இரண்டாக வெட்டி, பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனார். மூன்று மாடி, படியில். துண்டுகளை மேசைமேல் வைத்தார்.

"இது காலாவதி ஆயிடுச்சு டாக்டர். நான் ஆகல. யார் தப்பு?"

டாக்டர் லேபிளை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இரத்த அழுத்தம் பார்த்தார்.

அதற்குப் பிறகு அப்பா ஐந்து மாதம் இருந்தார். ஒரு காலை, டீ ஆறுவதற்குள் போய்விட்டார். அம்மா தன்னையறியாமல் பத்துவரை எண்ணினாளாம்.

மகள் காரிலிருந்து எதையும் கழற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை வெளியே எடுத்தாள். தடம் திறந்திருக்கும் நாள். காலி இருக்கையின் பட்டைகள் ஆடக்கூடாது என்பதும் விதிதான். அவற்றைப் பூட்டக் குனிந்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டுக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு அம்மா வந்து நின்றாள்.

"எங்கம்மா?"

"இன்னும் ரெண்டு வருஷம் ஏழு மாசம் இருக்குல்ல? யாரும் போடாம வீணாப் போகணுமா?" அம்மா உள்ளே ஏறி உட்கார்ந்தாள். தொடைக்கு நடுவே வந்த பட்டைகளைக் கண்டு முகத்தைச் சுளித்தாள். "இந்தக் கண்றாவியை எங்க மாட்டணும்?"

மகள் மாட்டினாள். முதலில் இடுப்பு, பிறகு தோள், சமமாக இழுத்து. அம்மாவின் மூச்சு பட்டைக்கு அடியில் ஏறி இறங்குவது கைக்குத் தெரிந்தது.

"இறுக்கமா இருக்காம்மா?"

"இருக்கு. கழட்டிப் பாக்கறேன்" என்ற அம்மா, கைக்கடிகாரத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள். "மணியைப் பாரு."