கேடயத்துக்குப் போன புள்ளிகள்

பதினேழு என்று காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்திருந்தேன். மறுநாள் கம்ப்யூட்டர் திரையில் இருபத்திரண்டு என்று இருந்தது. கேடயப் படத்துக்கு நேராக இருந்த அந்த எண்ணை நான் தொடவே இல்லை.

துபாயிலிருந்து விடுப்பில் வந்த என் கணவர் வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் அது. கூடவே ஒரு விளையாட்டு சிடி. அதில் நான் ஒரு மந்திரக்காரியை வளர்த்தேன். அரக்கர்களை வென்று ஒரு படி ஏறினால் ஐந்து புள்ளிகள் கிடைக்கும். அவற்றை நெருப்பு மந்திரத்துக்கோ, வேகத்துக்கோ, தற்காப்புக்கோ கொடுக்கலாம். கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. நான் எல்லாவற்றையும் நெருப்புக்குச் சேர்த்து வைக்க, யாரோ கேடயத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

லெப்பைக்குடிக்காட்டில் அந்த வீட்டில் அப்போது நாங்கள் நான்கு பேர். மாமியார் அந்த மேசைப் பக்கமே வரமாட்டார். மாமனாருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. மிச்சம் என் நாத்தனார். புகுந்த வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போய், இவர்மேல் சந்தேகப்பட்டதால் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தவர். அந்தக் கதையைக் கேட்டதிலிருந்தே நான் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். கம்ப்யூட்டர்மேல் போர்த்திய துணியின் மடிப்பை நினைவில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் சரிபார்ப்பேன். மடிப்பு மாறித்தான் இருக்கும். நாத்தனாரைக் கேட்டால், "நான் தொடலம்மா" என்பதோடு சரி.

ஒருநாள் மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "அங்க காட்டுன கைவரிசைய இங்கயும் காட்டுறீங்களா, மதினி?"

நாத்தனார் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஒரு கணம் தன் தகப்பனாரைப் பார்த்தார். மாமனார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மறுநாளே பை ஒன்றை எடுத்துக்கொண்டு, அவரைத் திருடி என்ற அதே வீட்டுக்கு பஸ் ஏறிப் போய்விட்டார்.

மூன்று நாள் கழித்துப் பார்த்தேன். அவர் போன அன்று இருபத்தேழாக இருந்த கேடயத்தில் இப்போது முப்பத்திரண்டு.

அடுத்த நாள் விடியற்காலை, ஃபஜ்ர் தொழுகை முடிந்த நேரத்தில் கூடத்துக்குப் போனேன். பள்ளிவாசலிலிருந்து திரும்பிய மாமனார், தொப்பிகூடக் கழற்றாமல் திரைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"அந்தப் புள்ள அடி வாங்கி அடி வாங்கி வுழுவுதும்மா. பாக்க முடியல. அதான் படத்தப் பாத்து கேடயத்துல போட்டுவுட்டேன்."

"மதினிக்குத் தெரியுமா, மாமா?"

"தெரியும். சின்னப்புள்ளையாட்டம் வெளையாடுறேன்னு சிரிப்பாங்க, சொல்லிடாதன்னேன்."

"அன்னைக்கி நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே?"

அவர் எழுந்து கம்ப்யூட்டர்மேல் துணியைப் போர்த்தினார்.

அன்றே இருவரும் போய் நாத்தனாரை அழைத்தோம். வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். "நான் சொன்னத நம்பிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார். எங்களோடு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, அந்தச் சங்கிலி அவர்கள் வீட்டு நெல் குதிருக்குள்ளேயே கிடைத்த பிறகு, எங்கள் வீட்டுக்குத் தானாகவே வந்தார். பிறகு பெரம்பலூரில் தையல் கடை வைத்துத் தனியாக நின்றுகொண்டார்.

இப்போது பெருநாளுக்குப் பெருநாள் வருகிறார். என் பிள்ளைகளுக்குத் துணி தைத்துக் கொண்டுவருகிறார், என்னோடு சிரித்துப் பேசுகிறார். ஆனால் நான் இல்லாத அறைக்குள் மட்டும் அவர் ஒருபோதும் நுழைவதில்லை. நிலைப்படியிலேயே நின்று, நான் வரும்வரை காத்திருக்கிறார்.