மத்தியானச் சோறு

மாதனூர் அம்சவேணி ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறாள். மத்தியானம் டப்பா நிறையச் சோறு தின்றதும் கண் சொக்கும். ஒருநாள் அந்த மயக்கத்தில் ஊசி விரலில் ஏறிவிட்டது. கட்டுப் போட்ட கம்பெனி நர்ஸ் ஃபீபி, ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னாள். சர்க்கரை அளவு வியாதியின் எல்லையைத் தொட்டிருந்தது. சர்க்கரையால் கால் இழந்த அம்மாவை நினைத்து, “எனக்கும் கால் போயிடுமா?” என்று கேட்டாள் அம்சவேணி.

“இன்னும் வியாதி ஆகலக்கா. வெறும் சோறா தின்னா சர்க்கரை சட்டுனு ஏறும். அதைப் பாதியா கம்மி பண்ணுங்க. கீரை, பயறு, முட்டை ஜாஸ்தி சேத்துக்கோங்க” என்றாள் ஃபீபி.

முதலில் பசி பிடுங்கியது, போகப்போகப் பழகிவிட்டது. சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தாள்.

“நார்மல்க்கா!”

அம்சவேணி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனாள்.