அப்பா படத்துக்கு நான் போட்ட மாலை

டிவி சீரியல் எடுப்பது என்பது, காலையில் ஊரில் எல்லோரிடமும் ஏதாவது ஒன்றை இரவல் வாங்கி, சாயங்காலம் அதைக் கீறலோடு திருப்பிக் கொடுக்கும் தொழில். வீடு, மாடு, அண்டா, ஸ்கூட்டர், ஒருமுறை கல்யாண மண்டபத்து மணமேடை. இப்போது என் பெயருக்கு முன்னால் ‘இயக்கம்’ என்று போடுகிறார்கள். அதற்கு முன் மூன்று வருடம் உதவி இயக்குநராக இருந்தேன். வேலையிடத்தில் தலை குனிந்தே நின்றுவிட்டு, வீட்டுக்குப் போன் செய்யும்போது மட்டும் குரலை நிமிர்த்திப் பேசுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னை அதிகம் திட்டமாட்டார்கள் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், நிச்சயம் இல்லை.

எருமையும் நானும்

எங்கள் வீடு திருச்செங்கோட்டுக்குப் பக்கம். அப்பா போர்வெல் ரிக் லாரியில் டிரில்லர். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். மெக்கானிக்கல் முடித்துவிட்டு சீரியலுக்குப் போகிறேன் என்றதும் அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், ‘அது செரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு ரிக்குக்குக் கிளம்பினார். அம்மாதான் பையன் டைரக்டர் ஆகிவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். நான் திருத்தவில்லை.

எங்கள் கம்பெனி ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, கிராமத்துக் கதை ஒன்றைப் படம்பிடித்தது. இவ்வளவு கிட்டத்தில் ஷூட்டிங் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு சரசக்கா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். அன்றைய காட்சியில் பின்னால் ஒரு எருமை அசையாமல் நிற்க வேண்டும். நான் கேமராவுக்குத் தெரியாதபடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எருமை என் தலையை நக்கியது. ஷாட் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்த சரசக்கா கிட்டே வந்து, கேலியே இல்லாமல், மெய்யான அக்கறையோடு கேட்டார்: “ஏஞ்சாமி, டைரக்டருன்னா இதெல்லாமும் நீயேதான் பாக்கோணுமா?”

நல்ல முகம்

கதையில் நாயகியின் அப்பா முதல் எபிசோடுக்கு முன்பே இறந்துவிட்டவர். அவர் படம் கூடத்துச் சுவரில் மாலையோடு தொங்க வேண்டும். இதற்கென்றே படம் கொடுக்கும் துணை நடிகர்கள் உண்டு. நாங்கள் கொண்டுவந்திருந்த படத்தில் இருந்தவரோ, முந்தின வாரம்தான் இதே சீரியலில் நிலத் தரகராக வந்து நாயகியிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். இதைக் கவனித்திருக்க வேண்டியவன் நான். கன்டினியூட்டி என் பொறுப்பு. அதாவது, ஒரு காட்சியில் இருந்தது அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. டைரக்டர் அரை மணி நேரத்தில் வேறு படம் வேண்டும், இல்லாவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்றார்.

என் போனில் பட்டமளிப்பு விழா அன்று எடுத்த அப்பாவின் படம் இருந்தது. இரவல் வெள்ளைச் சட்டை, முறைத்த பார்வை. கடைத்தெரு ஸ்டுடியோவில் அதைப் பெரிதாகப் போட்டு, பிரேமில் அடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு மாட்டினேன். ஒரே ஒரு காட்சி, அதுவும் பின்சுவர் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். யாருடைய படம் என்று டைரக்டர் கேட்டார். தெரிந்தவர் ஒருவர், இப்போது இல்லை என்றேன். அவர் மானிட்டரில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்ல முகம்ப்பா இது. ஓரத்துல விடக் கூடாது, இவரை வச்சே ரெண்டு மாசம் ஓட்டலாம்.”

காதர் பாய் செய்த உதவி

சொன்னபடியே ஓட்டினார். நாயகி தினமும் படத்தின் முன் நின்று அழுதார். வில்லி அதே படத்தைப் பார்த்துச் சிரித்தார். சொத்துப் பத்திரத்தைப் படத்துக்குப் பின்னால்தான் ஒளித்து வைத்தார்கள். பிளாஸ்டிக் மாலை வெளிச்சத்தில் பளபளக்கும் என்பதால், தினமும் காலையில் நிஜ மாலை வாங்கிப் போடுவது என் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போடுவேன். போட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது பிரேமின் ஓரத்தைத் தொட்டு மன்னிப்புக் கேட்பேன்.

லைட்மேன் காதர் பாய் ஒருநாள் பார்த்துவிட்டார். சேலம் டவுன்காரர், என் வயதளவுக்கு இந்தத் தொழிலில் இருப்பவர். யார் அது என்று அவர் கேட்டதும், டைரக்டரிடம் சொல்ல வராத உண்மை அவரிடம் வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. லைட் ஸ்டாண்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். “அந்தச் செவுத்து லைட்டைக் கொஞ்சம் திருப்பி வச்சா கண்ணாடி மின்னும், மூஞ்சி தெரியாது. கேமராமேன் கவனிக்கிற வரைக்கும் உங்கப்பா உசுரோட இருப்பாரு. அதுக்கு மேல என் கையில இல்ல தம்பி.”

பக்கத்து வீட்டு டீவி

கேமராமேன் அன்றைக்கே கவனித்து லைட்டைச் சரிசெய்துவிட்டார். ஒளிபரப்பில் அப்பா துல்லியமாக வந்தார். எங்கள் தெருவில் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் அந்த சீரியல்தான். முதல் விளம்பர இடைவேளையிலேயே சரசக்கா ஓடிவந்து அம்மாவின் கழுத்தைப் பார்த்திருக்கிறார். தாலி இருந்தது. அப்படியும் சந்தேகம் தீராமல், அண்ணன் கடைசியாக எப்போது போன் பண்ணினார் என்று கேட்டிருக்கிறார். அம்மா அந்த நிமிடமே சத்தீஸ்கருக்குப் போன் போட்டாள். அப்பா எடுத்தார். அங்கே ரிக் ஆட்களும் கேம்பில் உட்கார்ந்து போனில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்களாம். அன்றிலிருந்து அப்பாவுக்கு டீ கொடுக்கும்போதெல்லாம் ‘டிரில்லரண்ணனுக்குப் படையல்’ என்று முன்னால் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

அம்மா என்னிடம் பேசியது அடுத்த நாள் காலையில். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. இது வெறும் கதை, இந்தத் தொழிலில் சகஜம் என்று நான்தான் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, லீவு கேட்டிருக்கிறார் என்றாள். போனை வைக்கும் முன் மெதுவாகச் சொன்னாள்: “நம்மூட்டு டீவியை நான் அமத்திப்போட்டேன் சாமி. பக்கத்தூட்டுல ஓடுதே, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

டைரக்டர் சொன்ன வழி

அந்த வாரம் டைரக்டர் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று நாள் ஷூட்டிங்கை என்னை எடுக்கச் சொல்லியிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ‘ஆக்‌ஷன்’ என்று நான் சொல்லப்போகிறேன். அதனால் என்ன செய்தேன் என்பதை உள்ளபடியே எழுதுகிறேன். ‘அது எங்கப்பா சார்’ என்பதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு அவர் அறைக்குப் போனேன். போய், அந்தப் படத்துக்காரர் வீட்டில் வருத்தப்படுகிறார்கள் என்று சொன்னேன். உயிரோடு இருப்பவரை இல்லை என்று சொன்னது தெரிந்தால் அந்த மூன்று நாளும் போய்விடும் என்ற பயம். ஒன்றைச் சொல்லப் போய் வேறொன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நான் என் அப்பாவை வைத்து அதைச் செய்தேன்.

டைரக்டர் கெட்டவர் இல்லை. எனக்காக உட்கார்ந்து யோசித்தார். திடீரென்று படத்தை எடுத்தால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள், சேனலில் திட்டுவார்கள் என்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. “வீட்டுக்குத் தீ வைக்கிற சீன் வருதுல்ல, அதுல போட்டோவைக் கொளுத்திடலாம். நீயே எடு. உன் முதல் நாளுக்கு நல்ல சீன்.”

ஷூட்டிங் பார்க்க வந்தவர்

அந்தக் காலையில் எல்லாம் தயாராக இருந்தது. பிரேமைச் சுற்றித் தீப்பிடிக்கும் பசை தடவியாகிவிட்டது. ஓரமாகத் தண்ணீர் வாளியும் மணலும் இருந்தன. நான் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாசலில் திடீரென்று பேச்சு நின்றது. அப்பா வந்துகொண்டிருந்தார். சேலத்தில் ரயிலிலிருந்து இறங்கியவர், வீட்டுக்குப் போகாமல் நேராக பஸ் ஏறி வந்திருக்கிறார். நாயகி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். மேக்கப் போடும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்பா கூடத்துக்குள் வந்து தன் படத்தின் முன் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, வேலையைப் பாருங்க, நான் ஓரமா நிக்கறனுங்க என்றார். அவர் என்னிடம் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. இத்தனை பேர் முன்னால் அவரை அப்பா என்று சொல்லிக்கொள்ள எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று, அவரே ஒதுங்கிக்கொண்டார்.

ஆக்‌ஷன் என்ற சொல் எனக்கு வரவில்லை. எழுந்து போய், இவர் எங்கப்பா என்றேன். யாருக்கும் கேட்டிருக்காது என்று மறுபடியும் சொன்னேன். படத்தைக் கழற்றி, பசையைத் துடைத்து, பொட்டை அழித்தேன். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது காதர் பாய் வந்து வாங்கிக்கொண்டார். வெறும் சுவரை வைத்தே தீக்காட்சியை எடுத்தேன். அப்பா ஓரமாக நின்று முழுவதும் பார்த்தார். சாயங்காலம் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அவர் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பிரேமு நல்ல மரமாத்தான் போட்டிருக்கறே சாமி. எனக்கு வேணுங்கறப்ப நீ கடை கடையா அலைய வேண்டியதில்லை.”

யாரும் கேட்கவில்லை

டைரக்டர் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். எப்படியும் அனுப்பிவிடுவார் என்று துணிமணிகளைக் கட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். எபிசோடு ஒளிபரப்பாகும்வரை பொறு என்றார். ஒளிபரப்பானது. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சேனலிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. பார்த்தவர்கள் எழுதிய கருத்துகளை இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். அவ்வளவு தீயிலும் நாயகியின் புடவை ஏன் கருகவில்லை என்றுதான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். படம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. டைரக்டர் போனை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “உங்கப்பான்னு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்கப்பா போட்டோவைக் குடுத்திருப்பேனேடா. அவரு போய் ஆறு வருஷமாச்சு.”

அப்பா படம் சுவரில் தொங்கிய அந்த ஆறு வாரமும் கன்டினியூட்டி தவறாமல் சட்டை, பொட்டு, மாலை எல்லாவற்றையும் காட்சிக்குக் காட்சி சரியாக வைத்திருந்தேன். மகன் மட்டும்தான் நடுவில் விட்டுப்போயிருந்தான்.