மூன்று லெப்லான்கள்

பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை செய்பவர்களுக்கு என் நெஞ்சிடி புரியும். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இப்போது லண்டன் மனோர் பார்க்கில் ஒரு பல் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். இனிச் சொல்லப்போகிறவற்றில் பழைய காலத்துச் சங்கதிகள் எல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டவை.

பின்னால் யாரும் இல்லை

"மிஸ்டர் லெப்லான்!" எழுந்து வந்தவர் மொரிசியஸ்காரர், நல்ல கறுப்பு. அவருக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறாரா என்று என் கண் போய்விட்டது. அவர் கவனித்துவிட்டார். லெப்லான் என்றால் பிரெஞ்சில் வெள்ளையன் என்று அர்த்தமாம். அவருடைய முன்னோரை அடிமையாக வைத்திருந்த முதலாளியின் பெயராம். கூசிப்போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார்.

"பெயரை எங்களிடம் விட்டுவிட்டு, கரும்புத் தோட்டத்தைத் தானே வைத்துக்கொண்டார்."

முந்தி வந்தவர்கள்

அடுத்த மாதம் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி, அதே பெயர். முந்நூறு வருசத்துக்கு முன் மதத்துக்காகப் பிரான்சில் துரத்தப்பட்டு, படகேறிக் கிழக்கு லண்டனுக்கு வந்து பட்டு நெய்தவர்களின் வம்சம் என்றார். என் அப்பாவும் அகதியாக வந்தவர்தான் என்று, ஏனோ குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"நாங்கள் கொஞ்சம் முந்திவிட்டோம், அவ்வளவுதான்."

என்ன ஆக்கள்?

மூன்றாவது லெப்லான் எங்கள் நர்ஸ் மல்லிகா. பாண்டிச்சேரிக் குடும்பம், பாரிசில் வளர்ந்தவள். யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவனைக் கட்ட இருந்தாள். அவனுடைய அம்மா பல்வலியோடு வந்து, மேசையில் சாய்ந்து மெல்லக் கேட்டா: "பிள்ளை, இவையள் என்ன ஆக்கள்? பேரை வச்சு ஒண்டும் பிடிபடேல்லை."

கேட்டது சாதியை. தவறாக ஒரு சொல் விழுந்தால் கல்யாணமே நின்றுவிடும். "தெரியாது, அன்ரி" என்றேன். உண்மையும் அதுதான்.

கதவடியில் மல்லிகா நின்றிருந்தாள். "என்னையே கேளுங்க, ஆன்ட்டி. பிரெஞ்சுக்காரங்க காலத்துல எங்க கொள்ளுத்தாத்தா சாதி வழக்கமெல்லாம் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு இந்தப் பேரை எடுத்துக்கிட்டாரு. நீங்க கேக்கிற கேள்விக்கு யாருக்குமே பதில் கிடைக்கக் கூடாதுன்னுதான்."

அன்ரி கன்னத்தைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினா.

"உம்மட பூட்டன் வலு கெட்டிக்காரன். சரி, வாரும், பல்லைப் பாரும்."

கல்யாணம் நடந்தது. பிறகு தேடிப் பார்த்தேன்: அந்தக் காலச் சட்டப்படி அப்படித் துறந்தவர் மனம் மாறினாலும் சாதி வழக்கத்துக்குத் திரும்பிப் போக முடியாதாம், ஆனால் அந்தச் சட்டம் அன்ரியைக் கட்டுப்படுத்தாதபடியால், அவ இப்போது எங்கள் மற்ற நர்ஸ் என்ன ஆக்கள் என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறா.