நான் கெடுத்த ஊற்று

வியாழன், காலை 6.50. ரயில் இராமநாதபுரத்தில் நின்றபோது மகிழினி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் மாலை தாம்பரத்தில் ஏறியிருந்தோம். நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ 60 ரூபாய். அங்கிருந்து இராமேஸ்வரம் பேருந்தில் மண்டபம் வரை 38 கிலோமீட்டர், எனக்கு 35 ரூபாய், அவளுக்குச் சீட்டு இல்லை. பேருந்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் கோயிலுக்கும் மீதிப்பேர் பாம்பன் பாலத்தில் படம் எடுக்கவும் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டுக்கும் முன்பே இறங்கிக்கொண்டோம்.

நாங்கள் பார்க்க வந்தது ஒரு மழலையர் வகுப்பறை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மகிழினிக்கு நாலரை வயது. எல்.கே.ஜி. படிக்கிறாள். ஒரு கோடு போட்டால் என் முகத்தைப் பார்த்து, "சரியாம்மா?" என்பாள். வாழைப்பழம் உரித்தாலும் கேட்பாள், செருப்பு மாட்டினாலும் கேட்பாள். இரண்டு மாதமாகக் கேட்பதும் குறைந்துவிட்டது. சரியாக வருமா என்று தெரியாத எதையும் தொடுவதே இல்லை. வண்ணப் பென்சில் பெட்டி திறக்காமல் கிடக்கிறது. "ரொம்ப நீட்டான குழந்தை" என்று வகுப்பாசிரியை பாராட்டினார். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை. பயமில்லாத கையோடு அவள் ஏதாவது ஒன்றைச் செய்வதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் என்னைத் தூங்கவிடவில்லை. திருப்புல்லாணியைச் சேர்ந்த அலுவலகத் தோழி ஒருத்திதான் இந்த வகுப்பறையைப் பற்றிச் சொன்னாள். மூன்று நாள் விடுப்பு எடுத்தேன்.

மண்டபத்தில் அறை, நாளொன்றுக்கு 900 ரூபாய். பையை வைத்துவிட்டு வந்து ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் சேவியர், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"எங்கன போகணும்? பாலத்துக்கா?"

தோழி சொன்ன ஊரின் பெயரைச் சொல்லி, குழந்தைகள் பள்ளியைப் பார்க்கத் தாம்பரத்திலிருந்து வருகிறோம் என்றேன்.

"மெட்ராஸ்ல இல்லாத பள்ளிக்கூடமா? அங்கன மண்ணத் தோண்டுறதத் தவிர ஒண்ணுங் கிடையாதும்மா. எம் மக ரூபியும் அங்கனதான் போறா. டவுசர் பாக்கெட்டு முழுக்க மண்ணு. தொவைக்கிறவ என்னையத் திட்டுறா."

"பிறகு ஏன் அனுப்புறீங்க?"

"வீட்டுல இருந்தா எம் மண்டையத் தோண்டுவாளே!"

காலை 9.20. மண்டபத்துக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர், தென்கடல் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பு. பெயரை எழுத வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டிருக்கிறாள். முன்பு ஐஸ் வைத்த கொட்டகைதான் இப்போது வகுப்பறை. பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகும்போது பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள். எட்டு மணி முதல் ஒரு மணி வரை, இருபத்திரண்டு பிள்ளைகள். ஆசிரியை கிருசாந்திக்கு என்னைவிட மூன்று வயது குறைவு, இருபத்தாறு. மண்டபம் அகதி முகாமிலிருந்து சைக்கிளில் வருகிறாள்.

வாசலிலேயே என்னை நிறுத்தினாள். "கையைப் பின்னால கட்டிக்கொண்டு வாங்கோ அக்கா."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. உள்ளே வரும் பெரியவர்கள் எல்லோருக்கும் அதுதான் விதி. பிள்ளைகள் கேட்டால் மட்டும் கையை அவிழ்க்கலாம். பார்க்க வந்த அதிகாரி ஒருவர் ஒரு மணி நேரம் கை கட்டி நின்றாராம். கை கட்டி, வாய் பொத்தி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் கூச்சமாகவும் பிறகு சிரிப்பாகவும் இருந்தது.

உள்ளே பார்த்தவை: வலைகளிலிருந்து கழன்ற மிதவைகள் ஒரு கூடை, சிப்பிகள் நான்கு சட்டி, தட்டுத் தராசு ஒன்று, கயிறு, ஆணி, நிஜச் சுத்தியல். கரும்பலகை இல்லை. காலையில் வந்ததும் யாருக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவன் ஒன்றரை மணி நேரம் ஒரே பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். கிருசாந்தி யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் குந்தியிருந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். யார் எதைத் தொட்டார்கள், எங்கே நிறுத்தினார்கள், என்ன கேட்டார்கள் என்று பிள்ளைக்கு ஒரு வரி. அடுத்த நாள் எதை வெளியே எடுத்து வைப்பது என்பதை அந்த வரிகள்தான் தீர்மானிக்கின்றன.

நான் பதினோரு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எந்த வயதில் எழுத்து, எத்தனை வரை எண்கள் என்றெல்லாம். நான்கைக் கேட்டுவிட்டு நோட்டை மூடிவிட்டேன்.

கொட்டகைக்குப் பின்னால் மணல்வெளி. கடல் அறுபது மீட்டர் இருக்கும். அங்கே ஐந்தாறு பேர் தேங்காய்ச் சிரட்டையால் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரையில் மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் அப்படித்தான் குடம் நிறைக்கிறார்கள். அதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களாகவே ஆரம்பித்த வேலை இது. தலைமை, ஐந்து வயது ரூபி. இரண்டு நாளாகத் தோண்டுகிறார்களாம். தண்ணீர் தெரியும் நேரத்தில் மணல் சரிந்து மூடிவிடுகிறது.

மகிழினி அன்று முழுவதும் என் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளி, காலை 10.40. நான் தவறு செய்த நேரம் இது.

மகிழினி குழியருகே போய்க் குந்தினாள். ரூபி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு சிரட்டையை நீட்டினாள். மகிழினி வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினேன். மெதுவாக மணலில் கையை வைத்தாள். ஒரு சிரட்டை மணல், பிறகு இன்னொன்று.

அப்போது குழியின் சுவர் சரிந்தது. பிள்ளைகள் "ஓ…" என்று கத்தினார்கள். மகிழினியின் முகம் மாறியது. தன்னால்தான் சரிந்தது என்று நினைத்துவிட்டாள்.

வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். நாள் முழுக்கக் குறையைக் கண்டுபிடிப்பதே வேலை. காய்ந்த மணல் எந்தச் சரிவில் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். கொட்டகைச் சுவரருகே அடிப்பாகம் போன பிளாஸ்டிக் வாளி ஒன்று கிடந்தது. என் கை எப்போது அவிழ்ந்தது என்று நினைவில்லை. வாளியைக் குழிக்குள் இறக்கி, முழங்கையால் அழுத்தி, உள்ளிருந்த மணலை அள்ளி வெளியே போட்டேன். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. சுவர் நின்றது. வாளிக்குள் தண்ணீர் ஏறியது.

"பாருங்க!" என்றேன், பிள்ளைகளிடம்.

ரூபி ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"உப்பு."

இந்த மணலில் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக மேலேதான் நிற்கிறது, அதற்குக் கீழே கடல்நீர். ஆழமாகத் தோண்டினால் உப்புதான் வரும். நான் வாளியை இரண்டடி கீழே இறக்கியிருந்தேன்.

"மூணு நாளு தோண்டுனோம்," என்றாள் ரூபி. பிறகு சிரட்டையைக் கீழே போட்டாள். "இது ஒங்க ஊத்து. நீங்களே வச்சுக்கங்க."

எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். யாரும் அழவில்லை, கோபப்படவும் இல்லை. வேலை முடிந்துபோனது, அவ்வளவுதான். மகிழினி கையைக் கவுனில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"நான் சரியாத்தானேம்மா தோண்டினேன்?"

கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். குறை அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் என்று நினைத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறேன். என் வீட்டில், அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கி, கோட்டை நேராக்கிக் கொடுக்கும் கை யாருடையது?

கிருசாந்தி வந்து பக்கத்தில் நின்றாள். கண்டிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"போன வருசம் நானும் ஒரு பிள்ளையின்ர படகைத் திருத்தினனான். ரெண்டு கிழமை, பதினாலு நாள், என்னோட கதைக்கேல்லை," என்றாள். "நாளைக்கு ரூபியிட்ட கேட்டுப் பாருங்கோ. ஆனா கெஞ்சாதையுங்கோ, அவவுக்குப் பிடிக்காது."

உங்கள் சொந்த ஊர் எது என்று கேட்டேன்.

"முகாமிலதான் பிறந்தனான். அம்மா மன்னார் எண்டுவா. அங்கயும் இப்பிடி மணல்ல தண்ணி எடுக்கிறதாம். நான் காணேல்லை." எதிரே கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

சனி, காலை 8.30. ஆட்டோவில் ஏறியதும் சேவியர் சிரித்தார்.

"என்னம்மா, ஊத்தைக் கெடுத்துப்புட்டீகளாம்? எம் மக ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா. மெட்ராஸ்காரம்மா கடலையே கொண்டாந்து உள்ள விட்ருச்சாம்."

ரூபி வாசலில் நின்றிருந்தாள். நேற்றுச் செய்தது தப்பு, இப்போது என்ன செய்யட்டும் என்று நேராகக் கேட்டேன்.

இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள், "வாளிய எடுங்க. குழிய மூடுங்க. கையாலதான் மூடணும்."

மூடினேன். முட்டிபோட்டு இருபது நிமிடம். பிள்ளைகள் சுற்றி நின்று, "இங்கன போடுங்க, அங்கன பள்ளமா இருக்கு" என்று மேற்பார்வை செய்தார்கள். முடித்ததும் ரூபி என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், "இங்கன ஒக்காருங்க. கையக் கட்டுங்க. கூப்பிட்டாத்தான் வரணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மகிழினியும் சிரித்தாள்.

ரூபி கடலிலிருந்து இன்னும் தள்ளிப் புது இடம் பார்த்தாள். மகிழினியைக் கூப்பிட்டாள், "ஏ மகிழு, வா." மகிழினி போனாள். முதல் குழி சரிந்தது. நான் கைகளை இறுக்கிக்கொண்டேன். இரண்டாவதும் சரிந்தது. இரண்டு பேரும் குழிக்குள் தலையைவிட்டு ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு தோண்டுவதை நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் மணலை இழுக்க ஆரம்பித்தார்கள். குழி அகலமானது, தட்டுப்போல ஆனது. மணல் நின்றது. நான் வாளியால் சாதிக்க நினைத்ததை அவர்கள் சரிவால் சாதித்தார்கள். யோசனை யாருடையது என்று மரத்தடியிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

11.15 முதல் 12.05 வரை மகிழினி ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பது நிமிடம். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். தேடி வந்தது கிடைத்ததும், ஒரே ஒரு முறை திரும்பிப் பார்க்கமாட்டாளா என்று மனம் அடித்துக்கொண்டது. சிரட்டையைக் கழுவவோ தண்ணீர் குடிக்கவோ எழுந்தால் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். எழவே இல்லை. 12.05-க்கு நேரம் பார்ப்பதை நான்தான் நிறுத்திவிட்டேன்.

12.40. குழியின் அடியில் தண்ணீர் கசிந்தது. சேறு கலந்த தண்ணீர். "தெளியணும்," என்றாள் ரூபி. "இப்ப அள்ளுனா கலங்கும்." இருவரும் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தார்கள்.

கிருசாந்தியிடம் கேட்டேவிட்டேன். இங்கே வீடு எடுத்துத் தங்கினால் இவளைச் சேர்த்துக்கொள்ள முடியுமா? முந்தைய நாள் இரவே வாடகை, என் வேலை, கணவரின் வேலை என்று பட்டியல் போட்டுப் பார்த்திருந்தேன். எதுவும் பொருந்தவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"இடமில்லை அக்கா. பாசிக்குப் போற அம்மாமாரின்ர பிள்ளையளுக்குத்தான் இது," என்றாள், தயங்காமல். பிறகு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். மகிழினிக்காக எழுதிய வரி: 'சனி. குழியை அகலமாக்கினாள். மணல் சரிந்தபோது சிரித்தாள். தண்ணீர் தெளியக் காத்திருக்கிறாள்.'

ஒரு மணிக்கு வகுப்பு முடிந்தது. தண்ணீர் இன்னும் தெளியவில்லை. மகிழினி வரமாட்டேன் என்று அடம்பிடிக்கவில்லை. ரூபியிடம், "நீ பாத்துக்க. உள்ள கையை விடாத," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

மாலை 5.10. இராமநாதபுரம் பேருந்து. உச்சிப்புளி தாண்டியதும் பனைகளுக்குப் பின்னால் வெயில் சாய்ந்தது. நாங்கள் வசிப்பது தாம்பரத்தில் நான்காவது மாடி. கீழே வாகன நிறுத்தம், அதைச் சுற்றிச் சிமெண்ட் கல், வாசலுக்கு வெளியே தார்ச்சாலை. கீழே இறங்கினால் கைவைக்க மண் இருக்கும் இடத்தை நான் அறிந்த வரையில் நினைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பால் பூத்துக்குப் பின்னால் காலிமனை ஒன்று இருக்கிறது. முள்ளும் பாட்டிலும் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் சுத்தம் செய்ய. அதற்குமேல் அங்கே நான் எதுவும் செய்யக்கூடாது.

மகிழினி ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்திருந்தாள். நகக்கண்களில் மணல்.

"இப்ப தெளிஞ்சிருக்குமா?"

"தெரியலடா," என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

"தெளிஞ்சிருக்கும்," என்றாள் அவள், வெளியே பார்த்தபடி. "ரூபி குடிச்சிருப்பா."