திரும்பி வராத டப்பாக்கள்

ரீத்தா கேண்டீனில் குரல் எடுத்தால் நூலகத்து மூன்றாம் மாடியில் படிக்கிறவன் தலை நிமிர்வான் என்று சொல்வார்கள். மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், கோடி வீட்டு ஆளை இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டு வளர்ந்த தொண்டை அது. பள்ளி முடிந்ததும் விடியும் முன்னே பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போனாள். பஸ்ஸில் நின்றபடியே பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை உறிஞ்சிக்கொண்டு பல வருடம் அப்படியே ஓடியது. இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருநாள், இந்த நெரிசலிலேயே என் ஆயுசைக் கழிக்க மாட்டேன் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு வேலையை விட்டாள். ஜொகூர் பாருவுக்கு வெளியே இருக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையை எடுத்தாள். கணவன் கென்னத் இன்னும் பாலம் தாண்டிக்கொண்டிருக்கிறான். அதைப் பற்றி இருவரும் வீட்டில் பேசிக்கொள்வதில்லை.

கடை நன்றாகவே ஓடியது. காலையில் பசியாற வருகிற பிள்ளைகள், மதியம் சோற்றுக்கு வருகிற அலுவலகத்தார், மாலையில் வீட்டுக்குத் தாப்பாவ் என்று பொட்டலம் கட்டிக்கொண்டு போகிற வாத்தியார்மார் என்று அடுப்பை அணையவே விடமாட்டார்கள். அவளுக்கு அந்தக் கடை என்றால் உயிர். தன் பெயரில் அவள் முதன்முதலாகக் கட்டி எழுப்பியது அதுதான்.

அப்புறம் அந்த மழைக்காலம் வந்தது. வளாகத்துக் குரங்குகள் குப்பைத் தொட்டிகளைக் கவிழ்த்து, சோறு கட்டித் தந்த வெள்ளைப் போலிஸ்திரின் பெட்டிகளை இழுத்துப்போட்டன. மழை அவற்றைக் கொண்டுபோய்க் கால்வாயில் அடைத்தது. நிர்வாகக் கட்டட வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதுவரை சுவரொட்டியில் மட்டும் இருந்த பசுமை வளாகத் திட்டம் மறு வாரமே சட்டமாகிவிட்டது. இனி வளாகத்துக்குள் போலிஸ்திரின் பெட்டியும் கூடாது, பிளாஸ்டிக் பையும் கூடாது.

மற்ற கடைக்காரர்கள் சத்தமில்லாமல் காகிதப் பெட்டிக்கு மாறினார்கள். ரீத்தாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. சாம்பார் ஊறி அடி கழன்றுவிடும், ஒரு வேளைச் சோற்றுக்குப் பிறகு அதுவும் அதே தொட்டிக்குத்தான் போகும், குரங்குக்குக் காகிதமென்ன பிளாஸ்டிக்கென்ன என்று கேண்டீன் குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள். எவர்சில்வர் டப்பாவில் கட்டிக் கொடுப்போம், சாப்பிட்டுவிட்டுத் திருப்பித் தரட்டும், கழுவி மறுபடி கொடுப்போம் என்றாள். திரும்பி வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று குழுத் தலைவர் கேட்டார். அங்கேதான் அவள் வாயை அடக்கியிருக்க வேண்டும். வராவிட்டால் வருடக் கடைசியில் என் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று மலாயில் கணீரென்று சொல்லிவிட்டாள். தலைவர் சிரிக்கவில்லை. அதை அப்படியே குறித்துக்கொள்ளச் சொன்னார்.

குறித்துக்கொண்டவள் ஐலீன். பல்கலைக்கழகத்துப் பசுமை வளாகப் பிரிவின் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ரீத்தாவுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிற பெண். அவள்தான் அலைந்து திரிந்து முந்நூறு டப்பாவும் கழுவுவதற்கு ஒரு தொட்டியும் வாங்கிக் கொடுத்தாள்.

முதல் மாதம் எல்லாம் ஜோராகப் போயிற்று. மாணவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு டப்பாவைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் அலமாரியில் இடைவெளி தெரிந்தது. அதற்கடுத்த மாதம் மதியக் கூட்டத்துக்கே டப்பா பற்றாமல் போனது. ரீத்தா சற்றும் யோசிக்காமல் விடுதிப் பிள்ளைகள் மேல் பாய்ந்தாள். வரிசையில் நின்றவர்களையெல்லாம் வைத்துக்கொண்டு, என் டப்பாவில் மெகி நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். ஐலீன் மூன்று மொழியில் அறிவிப்பு ஒட்டினாள். அறிவிப்பு ஒட்டிய பிறகு இன்னும் குறைந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு டப்பா கொடுக்கலாம் என்று ஐலீன் சொன்னபோது, சோற்றுக்குப் பிணை கேட்பதா என்று ரீத்தா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

வெளியே வீறாப்பாகப் பேசினாலும் தினமும் கடை மூடும்போது டப்பாக்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கினாள். அலமாரியில் கால்வாசி டப்பாதான் மிச்சம். வருடக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

"பேசாம அட்டைப் பெட்டிக்கு மாறிடு. வாய் தவறிச் சொன்னதுக்கெல்லாமா கடைய எழுதி வாங்குவாங்க?" என்றான் கென்னத்.

"வாங்கிட்டாங்க" என்றாள் ரீத்தா.

இந்தக் கலவரத்தில் அவளுக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. நூலகத்தில் வேலை செய்யும் நாகம்மை கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். செட்டிநாட்டுக் குடும்பம், வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு வளர்ந்தவர். ரீத்தாவின் ரசத்தை அவர் மெச்சினால் அன்றைக்குக் கடையே மணக்கும். இப்போது கார் நிறுத்துமிடத்தில் எதிரே பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். டப்பா போனால் போகட்டும், ஆச்சி ஏன் போனார் என்று தெரிந்தாக வேண்டும் என்று, ஒரு பிற்பகல் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு ரீத்தா நேரே நூலகத்துக்குப் போனாள்.

புத்தகங்களுக்கு அட்டை போடும் பின்னறையில் நாகம்மையும் காக் நோரைனி என்ற மலாய்க்கார அம்மாவும் இருந்தார்கள். ரீத்தாவைக் கண்டதும் நாகம்மை எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏன் ஆச்சி, கடப் பக்கமே காணோம்? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"உங்க மேல என்ன தப்பு. எனக்குத்தான் உங்க மூஞ்சில முழிக்க முடியல" என்று நாகம்மை பின்னாலிருந்த அலமாரியைத் திறந்தார்.

உள்ளே டப்பாக்கள். தேய்த்துக் கழுவி, முகம் பார்க்கிற பளபளப்பில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ரீத்தா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய டப்பாதான்.

"வெறும் டப்பாவ எப்படி நீட்டறது? தேன்குழல் சுட்டுப் போட்டுத் தரலாம்னு இருந்தேன். நேரமே கெடைக்கல. அதுக்குள்ள அடுத்த டப்பா வந்துருச்சு. அப்பறம் ரெண்டுக்கும் சேத்துச் சுடணும்னு ஆச்சு."

காக் நோரைனிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திறந்த அலமாரியைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அசடு வழியச் சிரித்துக்கொண்டே தன் மேசைக்கு அடியிலிருந்து அவரும் ஒரு டப்பாக் கோபுரத்தை இழுத்தார். குவே பலகாரம் செய்து போட்டுக் கொடுக்கலாம் என்று இருந்தாராம், வெறும் டப்பாவைக் கொடுக்க வெட்கமாம், "மாலு லா, காக்" என்றார்.

"இது கட டப்பா ஆச்சி. பக்கத்து வீட்டுக் கிண்ணம் இல்ல லா" என்றாள் ரீத்தா.

"கடன்னா கேட்டத மட்டும் வைக்கணும். நான் சோறும் ரசமும் கேட்டா, நீங்க கூட ஒரு கரண்டி கூட்டு வைக்கறீங்க. அப்பளம் வைக்கறீங்க. வெள்ளிக்கெழமன்னா பாயாசம். அப்பறம் அத எப்படிக் கட டப்பான்னு நெனைக்கறது?"

ரீத்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் வீட்டுக் குளிர்பெட்டியின் மேலேயே பக்கத்து வீட்டுக் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று நோன்புப் பெருநாள் ரெண்டாங் கறி வந்த நாளிலிருந்து உட்கார்ந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் கேக் வைத்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறாள். அவள் ஊர் முழுக்கத் தேடிய திருடி அவளேதான்.

நிதித் துறை, சோதனைக்கூடம், ஊழியர் குடியிருப்பு என்று ஐலீனை இழுத்துக்கொண்டு ரீத்தா ஒரு சுற்று வந்தாள். எங்கும் இதே கதை. டப்பா யாரிடமும் தொலையவில்லை. எல்லாரும் எதையாவது செய்து போட்டுத் தர நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவம் விடுதிப் பிள்ளைகள், அவர்களிடம் ஒன்றுகூட இல்லை. மறுநாள் மதியம் திட்டிய அதே வரிசையின் முன்னால் நின்று, திட்டிய அதே குரலில் ரீத்தா மன்னிப்புக் கேட்டாள்.

கூடுதலாக வைப்பதை நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஐலீன் சொல்லிப் பார்த்தாள். ரீத்தா கேட்பாளா?

"என் கை அப்படித்தான் மா. அத மாத்த முடியாது. அவங்களுக்கும் வெறுசாத் தர மனசு வராது. அதையும் மாத்த வேணாம். வீட்டு வேலியில என்ன இருக்கோ அதுல ஒரு கை போட்டுக் குடுக்கச் சொல்லு. சுட வேணாம், கிண்ட வேணாம்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. கறிவேப்பிலை வந்தது, பண்டான் இலை வந்தது, எலுமிச்சையும் காந்தாரி மிளகாயும் புளிச்சக்காயும் வந்தன. வேலியில்லாத மாடி வீட்டுக்காரர் ஒருவர் வெறும் துளசியைக் கிள்ளிப் போட்டுக் கொடுத்தார். நாகம்மை தன் வீட்டு முருங்கைக் கீரையோடு வந்து, பழையபடி ரசத்துக்கு மார்க் போட ஆரம்பித்தார். ரீத்தா சந்தையில் கறிவேப்பிலையும் கீரையும் வாங்குவதை நிறுத்தினாள். ஐலீன் தன் அறிவிப்புகளைக் கிழித்தாள்.

வருடக் கடைசிக் கூட்டத்தின் நடுவே குழுத் தலைவர் தானே எழுந்து கடைக்குப் போய் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர எல்லா டப்பாவும் இருந்தன. அவர் மகிழ்ந்துபோனார். இந்த முறையை அப்படியே எழுதுங்கள், எல்லாக் கடைகளுக்கும் இதை ஒப்பந்தத்தில் சேர்க்கிறேன், உங்கள் ஒப்பந்தத்திலிருந்தே தொடங்குவோம் என்றார். ஐலீன் மடிக்கணினியைத் திறந்து, எவர்சில்வர் டப்பா, கழுவும் தொட்டி என்று தட்டிக்கொண்டே வந்து, கூடுதல் கரண்டியில் நின்றாள். எத்தனை கரண்டி என்று குறிப்பிட வேண்டாமா என்று தலைவர் கேட்டார். ரீத்தாவின் புது ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் அவர் முன்னால்தான் கிடந்தது.

"அத எழுதாத ஐலீன்" என்றாள் ரீத்தா. "எழுதிட்டா அது கூட வைக்கறது இல்ல, அளவு. நாளைக்கே ஏன் கொறஞ்சுதுன்னு கேப்பாங்க. அப்பறம் அந்த டப்பா யார் வீட்டுக் கறிவேப்பிலையோட திரும்பி வரும்? மத்த கடைக்காரங்கள எங்கிட்ட அனுப்பச் சொல்லு. எங்கூட நின்னு பரிமாறட்டும். கை தானாப் பழகிடும்."

ஐலீன் அதை மலாயில் சொன்னாள். தலைவர் அந்த வரியை அழிக்கச் சொன்னார். பிறகு முன்னால் கிடந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.